முப்பத்திநாலுக்குப் பூச்சியம்

4 மார்ச் 2007, ஞாயிறு

ஜெர்மனியில் எங்கள் தமிழ் விளையாட்டுக் கழகத்துக்கு இந்த ஆண்டு இருபது வயது. விழா மலரில் வரலாறு எழுதும் வேலை, செயலாளர் என்பதால் என் தலையில் விழுந்தது. முதல் ஆட்டத்திலிருந்து தொடங்க வேண்டுமாம். அதுதான் சிக்கல்.

1987. அகதி விடுதியில் சும்மா இருந்த எங்கள்மேல் இரக்கப்பட்ட ஒரு பாதிரியார், கிரிக்கெட்டும் பேஸ்போலும் ஒன்றுதான் என்று நம்பி, ஒரு ஜெர்மன் பேஸ்போல் அணியோடு ஆட்டம் ஒழுங்கு செய்தார். பந்து எறிந்தது நான். கிரிக்கெட்டில் போல நிலத்தில் குத்தி எழும்ப எறிந்தேன். ஒருவரும் அடிக்கவில்லை. நாலு பந்துக்கு ஒருவராக நடந்து போனார்கள். குத்தினால் பிழை, நாலு பிழைக்கு ஒருவர் அடிக்காமலே அடுத்த தளத்துக்கு நடக்கலாம், அப்படியே சுற்றி வந்தால் ஒரு ஓட்டம் என்ற விதி எனக்கு எப்படித் தெரியும்? மழை வந்து ஆட்டம் நின்றபோது 34–0. அடிக்கும் முறை எங்களுக்கு வரவேயில்லை. துடுப்பு மட்டையைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

நேசமலரைக் கலியாணம் செய்து பதினாறு வருடம். அவளுக்கு இது தெரியாது.

11 மார்ச்

கூட்டம். அன்றைய அணித் தலைவரும் இன்றைய கழகத் தலைவருமான இரத்தினம் அண்ணை என் பக்கத்தைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். “34 ஓட்டத்தாலை தோல்வி எண்டு மட்டும் போடும். கிரிக்கெட்டிலை அது மரியாதையான தோல்விதானே.”

பொய் இல்லைத்தானே? போட்டேன்.

18 மார்ச்

உபதலைவர் ரவிச்சந்திரன் தான் அடித்த பந்து வேலிக்கு வெளியே போனதை நினைவுபடுத்தினார். அவர் ஜெர்மனிக்கு வந்தது 1991இல். அதையும் சேர்க்கச் சொன்னார்கள். சேர்த்தேன். அவர் அப்படி அடித்த பிறகு நாங்கள் தோற்பது பொருந்தவில்லை என்று அண்ணை கவலைப்பட்டார்.

25 மார்ச்

மலர் அச்சுக்குப் போய்விட்டது. நாங்கள் வென்றுவிட்டோம்.

14 ஏப்ரல்

நேசமலர் மலரைப் படித்துவிட்டுக் கனடாவிலிருக்கும் தங்கைக்குப் போன் எடுத்தாள். அத்தானைப் பற்றி ஒரு மணித்தியாலம் பெருமை. நான் குளியலறையில் இருந்தேன்.

பின்னேரம் இன்னொன்று. விழாவுக்குப் பிரதம விருந்தினர் ஹெர் குரூகர் — அன்று எங்களோடு விளையாடிய அணியின் தலைவர்! ஜெர்மன்காரர் ஒருவர் மேடையில் இருந்தால் எடுப்பாக இருக்குமாம். அந்தாள் உண்மையைச் சொன்னால் என்ன செய்வது என்று அண்ணையைக் கேட்டேன்.

“அவர் டொச்சிலைதானே கதைப்பார். மொழிபெயர்க்கிறது நீர்.”

5 மே, சனி

விழாவிலிருந்து இப்போதுதான் வந்தோம்.

முந்நூறு பேர். குரூகர் தடியூன்றி வந்தார். நாலாவது ஆளோடேயே இவர்களுக்கு விதி தெரியாது என்று விளங்கிவிட்டது, ஆனால் ஒருவரும் சொல்லிக்கொடுக்கவில்லை, சிரித்துக்கொண்டே நடந்தோம் என்றார். இருபது வருடமாக வெட்கப்படுகிறாராம். அவரும்!

நான் ஒலிவாங்கியில், “கடும் போட்டி எண்டு சொல்லுறார்” என்றேன்.

மண்டபத்தில் பாதி சிரித்தது. இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் எல்லாருக்கும் ஜெர்மன் மொழி விளங்கும் — இதை ஒருத்தரும் யோசிக்கேல்லையே! எங்கள் மகள் யதுசா மட்டும் சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பிழையாச் சொல்லிப்போட்டன்,” என்றேன். “நாங்கள் தோத்தனாங்கள். முப்பத்திநாலுக்குப் பூச்சியம். எறிஞ்சது நான்.”

அண்ணை கூரையைப் பார்த்தார். அதையே குரூகருக்கும் டொச்சில் சொன்னேன்; அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

காரில் நேசமலர் மலரைத் திறந்து என் பக்கத்தைத் திரும்பவும் படித்தாள். பிறகு, “ஒரு பந்தையும் ஒருத்தரும் அடிக்கேல்லையோ?” என்று கேட்டாள். ஒருத்தரும் இல்லை என்றேன். வீடு வரும்வரை சிரித்தாள்.

13 மே, ஞாயிறு

பொதுக்கூட்டம். என்னை நீக்கப் போகிறார்கள் என்று கணக்குப் புத்தகங்களையும் கழகக் கதவுத் திறப்பையும் கையோடு கொண்டுபோனேன். பிள்ளைகள் பேஸ்போல் அணி வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். தனக்கு 1987இலேயே அந்த எண்ணம் இருந்தது என்று இரத்தினம் அண்ணை அறிவித்தார். பயிற்சியாளர், வேலிக்கு வெளியே அடித்த ரவிச்சந்திரன். நடுவர் நான். பொய் சொல்ல வராத ஆள் என்று அண்ணையே முன்மொழிந்தார். எல்லாரும் கைதட்டினார்கள்.

அந்த மலரை எழுதியது யார் என்று ஒருவருக்கும் நினைவில்லை. நானும் நினைவுபடுத்தவில்லை.