நாடா இருந்த பக்கம்

என் ரூபித் தங்கமே,

"அண்ணே, அந்த ஜெபப் புத்தகத்தை மூடிட்டு ஒரே ஒரு தடவை நீயாப் பேசேன். ஆண்டவர் என்ன உன் ஹெட்மாஸ்டரா?" படுக்கையில் கிடந்தபடி கேட்டாயே. பிள்ளைகளிடம் 'சொந்த வாக்கியத்தில் எழுது' என்று முப்பத்தைந்து வருஷம் சொன்னவன், அன்றும் அச்சில் இருந்ததையே வாசித்தேன். நீ சிரித்தாய். மறுவாரம் போய்விட்டாய்.

இப்போது ஒரு செய்தி வைத்திருக்கிறேன், ரூபி. எழுதக் கை பரபரக்கிறது!

நம் சர்ச் வாட்ச்மேன் துரைக்கு வயிற்றில் ஆபரேஷன் என்றார்கள். அவன் மனைவி மேரி தேனாம்பேட்டை ஆஸ்பத்திரியின் ஒரு ரூபாய் போனிலிருந்து அழைத்தாள். "சார், அவரு பயந்துகினு கீறாரு. வந்து ஜெபம் பண்ணு சார்." புத்தகத்தை எடுத்துக்கொண்டு மயிலாப்பூரிலிருந்து ஓடினேன்.

நோயாளிகளுக்கான ஜெபத்தில்தான் எப்போதும் பக்க அடையாள நாடா இருக்கும். திறந்தேன், வாசித்தேன். "எங்களை விட்டுப் பிரிந்த இந்தச் சகோதரனை..." வாய் இரண்டு வரி தாண்டியும் என் காதில் அது விழவில்லை.

"சார், நான் இன்னும் கீறேன் சார்!" என்றான் துரை.

பக்கத்துக் கட்டில் பெரியவர் விடவில்லை. "இன்னா வாத்யாரே, டாக்டரே இன்னும் கத்திய எடுக்கல. அதுக்குள்ள நீ முட்சிட்டியே!"

வார்டே சிரித்தது. நான் நாடாவைப் பார்த்தேன். அடக்க ஜெபத்தின் பக்கத்தில் இருந்தது; உன் அடக்கத்தன்று நானே வைத்தது. அதற்குப் பிறகு அந்தப் புத்தகத்தைத் திறக்கவே இல்லை.

மூடினேன். துரையின் கையைப் பிடித்தேன். "ஆண்டவரே, இவனுக்குப் பயமா இருக்கு. எனக்கும் பயமா இருக்கு. என் தங்கச்சி கேட்டப்போ நான் பேசல. இப்பப் பேசறேன். கூடவே இருங்க." அழுகை வந்து ஆமென் சொல்ல மறந்துவிட்டேன். துரைதான் சொன்னான்.

மறுபடி பிறப்பதைப் பற்றி ஞாயிறு பள்ளியில் எத்தனை உதாரணம் சொல்லியிருப்பேன்! விதை, வண்ணத்துப்பூச்சி, முட்டை ஓடு. பிறந்த குழந்தை முதலில் அழும் என்பது மட்டும் எனக்குத் தோன்றவே இல்லை. அறுபத்து நாலு வயதில் தெரிந்தது.

ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. நேற்று இட்லி சாப்பிட்டுக்கொண்டே, "சார், இன்னிக்கு எந்தப் பக்கம்?" என்கிறான்! அடுத்த வாரம் அடையாற்றங்கரையில் அவன் வீட்டில் நன்றிக் கூட்டம். ஜெபிக்க என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். வெறுங்கையோடுதான் போவேன், இது உனக்கு என் வாக்கு. நீ கேட்டது உனக்குத்தான் கிடைக்கவில்லை. அன்று வார்டில் நான் பேசியது உன் காதில் விழுந்ததா?

உனக்கு எழுதிய இதை வேறு யாராவது படித்தால் அவர்களுக்கும் ஒரு வார்த்தை: இன்று ஒரே ஒரு ஜெபத்தைப் புத்தகத்தை மூடிவிட்டு, உங்கள் வீட்டுப் பேச்சில் சொல்லிப் பாருங்கள்.

பிறந்து பத்தே நாளான
உன் அண்ணன்