தோற்ற வக்கீலின் படம்

இன்று மதியம் சித்தூர் கோர்ட்டுக்கு எதிரே டீக்கடை டிவியில் நீ எடுத்த படத்தைப் போட்டார்கள். ஆரம்பத்தில் பெயர்கள் ஓடிக்கொண்டிருந்தபோதே பெஞ்சில் இருந்த ஒருவர், "இது ஓடாத படம்பா, வேற ஏதாச்சும் போடு" என்றார். உன் பெயர் வருவதற்குள் கடைக்காரர் மாற்றிவிட்டார். என் சிநேகிதன் எடுத்தது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஒரே அறையில் பதினோரு வருடம் நாம் வக்கீல் தொழில் பார்த்தோம். நகரி விசைத்தறித் தொழிலாளி ஒருவனுக்காக நீ நடத்திய கொலை வழக்கு உன்னை மாற்றிவிட்டது. அவன் செய்யவில்லை என்பதில் உனக்குச் சந்தேகமே இல்லை. ஆனாலும் ஆயுள் தண்டனை. அப்பீல் போட்டதோடு கேஸ் கட்டை என் மேசையில் வைத்துவிட்டு, அதையே தெலுங்கில் படமாக எடுக்கப் போனாய்.

திருப்பதியில் முதல் நாள் மேட்னி. தியேட்டரில் இருபது பேர்கூட இல்லை. அதிலும் பாதிப்பேர் மலையில் முடி கொடுத்துவிட்டு, ரயிலுக்கு நேரம் இருந்ததால் வந்து உட்கார்ந்தவர்கள். கடைசியில் வக்கீல் தோற்றபோது பின்னாலிருந்து ஒருவன் கேலியாக விசிலடித்தான். நீ திரும்பவில்லை.

வெளியே வந்ததும் கேட்டேன்: "படத்துலயாவது அந்த வக்கீலை ஜெயிக்க வச்சிருக்கலாம்ல?"

"புரொடியூசரும் அதான் கேட்டாரு. அந்தத் தறிக்காரன் இன்னும் ஜெயில்ல உக்காந்துக்கினு இருக்கான். படத்துல வெளிய வுட்டா, எல்லாரும் கைதட்டிட்டு வூட்டுக்குப் பூடுவாங்க. அவனை மறந்துடுவாங்கடா."

"இப்ப மட்டும் யாரு அவனை நெனைச்சிக்கினு இருக்காங்க?"

சொல்லியிருக்கக் கூடாது.

"நீ இருக்கியே" என்றாய்.

அடுத்த வாரம் அந்தக் கட்டைப் பிரித்தேன். ஹைகோர்ட்டில் மூன்று வருடம் ஆயிற்று. விடுதலை என்று நீதிபதி சொன்னதும் வராந்தாவுக்கு ஓடிவந்து உன் நம்பரை அழுத்தினேன். பாதியில்தான் நினைவு வந்தது, மாரடைப்பில் நீ போய் நான்கு மாதம் ஆகிவிட்டதென்று.

அவன் வெளியே வந்து என்னைப் பார்க்க வந்தான். படத்தைக் காட்டச் சொன்னான். என் போனில் போட்டுக் கொடுத்தேன். கண் எடுக்காமல் பார்த்தான். கடைசியில் வக்கீல் கோர்ட் படியில் தனியாக இறங்கிப் போகிற இடத்தில் நிறுத்தச் சொன்னான்.

"இது மட்டும் இப்டி நடக்கல சார். அவரு போவல. என் பொண்டாட்டியக்கூட சொந்தக்காரங்க கூட்டிக்கினு போய்ட்டாங்க. போலீஸ் வேன் கெளம்புற வரைக்கும் அவருதான் என் கையப் புட்சிக்கினு நின்னாரு. ஒரு வார்த்த பேசல."

எனக்கு நீ இதைச் சொன்னதே இல்லை. ஏன் படத்தில் வைக்கவில்லை என்று இப்போது யாரிடம் போய்க் கேட்பேன்?

போன மாதம் நானும் ஒரு வழக்கில் தோற்றேன். கேஸ் கட்டைக் குமாஸ்தாவிடம் கொடுத்துவிட்டு, தண்டனை பெற்ற என் கட்சிக்காரப் பெண்ணோடு போலீஸ் வேன் வரை நடந்தேன். வேன் கேட்டைத் தாண்டித் திரும்பும் வரை அங்கேயே நின்றிருந்தேன்.