ரெண்டு புள்ளி முன்னிலை

அன்புள்ள அம்மாவுக்கு,

மில்வாக்கியில் நான் சுகம். உங்கள் முழங்கால் வலி தேவலையா? அப்பாவின் இருமல்?

பயப்பட ஒன்றுமில்லை, பாலாடைக்கட்டிக் கடைக் கூட்டாளி ஜீனோடு ஒரு சண்டை. வருகிற செவ்வாய்க்கிழமைத் தேர்தலுக்கு நிற்காமல், ஓட்டுப் போடாமல் மான் வேட்டைக்குக் கிளம்பினான்.

"கருத்துக்கணிப்புல நம்ம ஆளு ரெண்டு புள்ளி முன்னாடின்னு டிவியிலயே சொல்லிட்டான். என் ஒரு ஓட்டு எதுக்குடா, ரால்ஃப்?"

"நாலு புள்ளி முன்னப்பின்ன இருக்கும்னு கீழ பொடி எழுத்துல போட்டானே, படிச்சியா? நம்ம தராசு நாலு பவுண்டு தப்பு காட்டினா, ரெண்டு பவுண்டு கூடுதல்னு அடிச்சுச் சொல்லுவியா?"

"சொன்னா கடைய இழுத்து மூடிடுவாங்க."

"அந்த டிவிக்காரனுங்கள மட்டும் யாரு கேக்குறா?"

"மான் காத்துக்கிட்டு நிக்காது" என்று வில்லைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். தெரியவில்லை என்று சொல்ல வேண்டியதை முன்னிலை என்று விற்கிறார்கள், அம்மா. வியாபாரியான இவனே அதை வாங்குகிறான். நெஞ்சு எரிகிறது.

அவன் போனதில் ராத்திரிச் சாப்பாட்டுக்கு இப்போது துணையில்லை. பீட்ரூட் ஊறுகாய் ஒரு ஜாடி அனுப்புங்கள்.

அப்பாவும் அதே டிவியைத்தான் பார்க்கிறார். செவ்வாய்க்கிழமை "ஜெயிச்சாச்சே" என்று நாற்காலியில் சாய்ந்தால், எழுப்பிக் காரில் ஏற்றுங்கள். உங்கள் ஓட்டு எங்கள் ஆளை எதிர்த்து நிற்பவருக்கு என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் அவரைத் தூங்க விட்டுவிடாதீர்கள்.

கடையில் ஆள் நிற்கிறது.

உங்கள் மகன்,
ரால்ஃப்