பூவம்மாவைக் கொண்டுபோய் விட்ட நாள்

3 மார்ச் 1908

இவருக்கு நிதிக் கம்பெனியில் தலைமைக் குமாஸ்தா வேலை கிடைத்துவிட்டது. முதலாளி பாலகிருஷ்ண முதலியாரே அறைக்குக் கூப்பிட்டுச் சொன்னாராம். செராங்கூன் ரோட்டில் முதலியாரின் நிதியில் வட்டிக்குப் பணம் போடாத தமிழர்கள் குறைவு. கவர்னர் மாளிகை விருந்துக்குப் போகிறவர். சட்டசபை உறுப்பினர்கள் இரண்டு பேர் அவருடைய கூட்டாளிகள். நான் பாடம் சொல்லித்தரும் பெண்கள் பள்ளிக்கூடத்துக்குப் புதுக் கட்டடமும் அவர் பணத்தில்தான் எழும்புகிறது. இனி வாடகைக்குக் கவலையில்லை. ஆட்டுக்கறி எடுத்துக் குழம்பு வைத்தேன்.

19 ஏப்ரல்

ஈஸ்டர். ஆராதனை முடிந்து, மரியாதைக்காக முதலியார் பங்களாவுக்குப் போனோம். பலகாரம் கொண்டுவந்த வேலைக்காரப் பெண்ணின் பெயர் பூவம்மா. நாகப்பட்டினத்திலிருந்து கப்பலேறி வந்து ஒரு வருஷமாம். பத்தொன்பது, இருபது வயதிருக்கும். முதலியார் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சுவரோரம் ஒதுங்கினாள். முதலியாரின் மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வரும் வழியில் இவரிடம் கேட்டேன். “பெரிய வீட்டு விஷயம். நமக்கு எதுக்கு?” என்றார். நானும் விட்டுவிட்டேன்.

11 ஜூன்

எழுத வேண்டும். எழுதாவிட்டால் நாளைக்கு நானே இதை மாற்றிச் சொல்லிக்கொள்வேன்.

மத்தியானம் பூவம்மா பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். செருப்பில்லாமல் வெயிலில் ஓடி வந்திருக்கிறாள். முந்தானையை விலக்கி முதுகைக் காட்டினாள். இஸ்திரிப் பெட்டியால் வைத்த சூடு. முதலியார் வைத்தது. எதற்கு என்று கேட்டேன். “கதவைத் திறக்கலைன்னு” என்றாள். அதற்கு முன்பு பல நாள் கதவு திறந்தபோது நடந்ததையும் சொன்னாள். அதை எழுத எனக்குக் கை வரவில்லை.

தேங்காயெண்ணெய் தடவினேன். தலைமையாசிரியையான வெள்ளைக்காரத் துரைசானியிடம் போய்ச் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, கட்டடம் பாதியில் நிற்கிறது அன்னம்மா, யோசித்துச் செய் என்றார். அவ்வளவுதான்.

அதற்குள் இவர் ரிக்‌ஷாவில் வந்துவிட்டார். பங்களாவில் தேடுகிறார்களாம்; அவள் இந்தப் பக்கம் ஓடி வந்ததை யாரோ பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள்.

“இப்பவே கொண்டுபோய் விடு. இல்லேன்னா நகையைத் திருடிட்டு ஓடிட்டாள்னு போலீஸ்ல எழுதிக் கொடுப்பாங்க. அவளுக்கு ஜெயில். எனக்கும் வேலை போயிடும்.”

அவளுக்கு ஜெயில் என்று சொன்னதைப் பிடித்துக்கொண்டேன். அவளுடைய நன்மைக்குத்தான் என்று சொல்லிக்கொண்டேன். நான்தான் கையைப் பிடித்து ரிக்‌ஷாவில் ஏற்றினேன். வழியெல்லாம் அவள் அழவில்லை. வாசலில் இறங்கியதும் கேட்டாள்:

“நீங்களும் உள்ள வருவீங்களாம்மா?”

இல்லை என்றேன்.

முதலியார் வராந்தாவுக்கு வந்து எனக்கு நன்றி சொன்னார்.

12 ஜூன்

பள்ளிக்கூடம் போனேன். பாடம் நடத்தினேன்.

30 ஆகஸ்ட்

நிதியில் இரண்டு மாதமாக வட்டி தரவில்லை. டோபி காட் பக்கம் துணி வெளுக்கும் கோவிந்தசாமி வீட்டுக்கே வந்துவிட்டார். மகள் கல்யாணத்துக்கென்று பதினோரு வருஷம் சேர்த்ததாம். “பகாங்ல ஈயச் சுரங்கம் வாங்கியிருக்கு, அந்தப் பணம் வரட்டும்” என்று இவர் சொல்லி அனுப்பினார். சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

24 செப்டம்பர்

முதலியாரைக் கைது செய்துவிட்டார்கள். நிதிக் கட்டடத்தின் முன் நானூறு ஐந்நூறு பேர். சுரங்கம் என்று ஒன்றே இல்லையாம். பணமெல்லாம் குதிரைப் பந்தயத்துக்கும் துரைமார் விருந்துக்கும் போயிருக்கிறது. கூட்டாளிகள் இருவரும் முதலியாரைச் சரியாகத் தெரியாது என்று பத்திரிகைக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

இவர் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டேன்.

“ரெண்டு கணக்குப் பேரேடு இருந்துச்சு, ஒண்ணு நிஜம், ஒண்ணு பொய். ரெண்டையும் எழுதினது நான்தான்.”

வேறு என்னவெல்லாம் தெரியும் என்று நான் கேட்கவில்லை. கேட்க எனக்கு என்ன யோக்கியதை?

2 அக்டோபர்

இவர் அரசாங்கத் தரப்புச் சாட்சியாகிவிட்டார். பேரேடுகளை ஒப்படைத்தார். ஜெயிலிலிருந்து தப்பினோம்.

8 நவம்பர்

பங்களா பூட்டப்பட்டபோது வேலைக்காரர்களை வெளியே அனுப்பிவிட்டார்கள். பூவம்மா கோவிந்தசாமியிடம் துணி வெளுக்கும் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள் என்று தெரிந்தது. இன்று போய்ப் பார்த்தேன். கொடிகளுக்கு நடுவே நின்று துணி உதறிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தும் நிறுத்தவில்லை.

மன்னிச்சிடு என்றேன். துணியைக் கொடியில் போட்டுக்கொண்டே, “இன்ஸ்பெக்டர் வந்து முதலியார் எனக்குப் பண்ணினது எல்லாத்தையும் எழுதிக்கிட்டுப் போனாரும்மா. கோர்ட்டுல கூப்பிடுவாங்களாம்” என்றாள். அடுத்த துணியை எடுத்து உதறினாள்.

22 ஜனவரி 1909

முதலியாருக்கு ஐந்து வருஷம் கடுங்காவல். மோசடிக்கு.

வெளியே ஒரே கூச்சல், கோவிந்தசாமி தலையில் கை வைத்து அழுதார். வழக்கு நடந்த ஒன்பது நாளும் பூவம்மா கோர்ட்டு வராந்தாவில் உட்கார்ந்திருந்தாள். ஒரு நாளும் அவள் பெயரைக் கூப்பிடவில்லை. அரசாங்க வக்கீலின் குமாஸ்தாவைக் கேட்டேன். பண வழக்கே போதும், அந்தப் புகார் தேவைப்படவில்லை என்றார்.

அவளிடம் சொன்னேன். முந்தானையை உதறிக்கொண்டு எழுந்தாள்.

“எழுநூறு பேரோட பணத்தைப் பத்திக் கேட்டுட்டாங்க. என்னைய யாரும் கேக்கலையே.”

14 பிப்ரவரி

அவள் தனியாக மாஜிஸ்திரேட் கோர்ட்டில் புகார் கொடுக்கப் போகிறாள். சாட்சிக்கு நான் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

வீட்டில் சண்டை. “அவருக்குத்தான் ஜெயில் ஆயிடுச்சே. நீ கூண்டில ஏறினா, அவளைத் திரும்பக் கொண்டுபோய் விட்டது நீன்னு ஊருக்கே தெரியும். உன் மானம் போகும்.”

“அதைச் சொல்லத்தான் போறேன்.”

இவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

9 மார்ச்

முதலியாரை ஜெயில் உடுப்பில் கொண்டுவந்தார்கள். இளைத்திருந்தார். எனக்குக் கொஞ்சம்கூட இரக்கம் வரவில்லை; அதற்கும் பயந்தேன்.

பூவம்மா முதலில் சொன்னாள். மொழிபெயர்ப்பாளர் சில இடங்களில் தயங்கினார். அவள் தயங்கவில்லை.

பிறகு நான். காயத்தைப் பார்த்தேன் என்றேன். முதலியாரின் வக்கீல் எழுந்தார்.

“காயத்தைப் பார்த்த நீங்கள் போலீசுக்குப் போனீர்களா?”

“இல்லை.”

“என்ன செய்தீர்கள்?”

“அதே வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய் விட்டேன்.”

“அப்படியானால் அங்கே ஆபத்து இருப்பதாக நீங்களே நம்பவில்லை.”

“நம்பினேன். என் கணவர் வேலை போய்விடும் என்று பயந்தேன். தெரிந்தேதான் விட்டேன்.”

கூட்டத்தில் ஒரு பெண் சீ என்றாள். சரிதான்.

வழக்கு தள்ளுபடி. டாக்டர் சாட்சி இல்லை, காலம் கடந்துவிட்டது என்றார் மாஜிஸ்திரேட். பூவம்மா கோர்ட்டுப் படிகளில் உட்கார்ந்து, முதல் தடவையாக, வாய்விட்டு அழுதாள். பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் என்னை எழுந்து போகச் சொல்லவில்லை.

11 மார்ச்

பள்ளிக்கூடத்திலிருந்து கடிதம். இனி வர வேண்டியதில்லையாம்.

28 மார்ச்

இரண்டு வாரமாகத் தையல் வேலை எடுத்துச் செய்கிறேன். இவர் ஒரு அரிசி மண்டியில் கணக்கெழுதப் போகிறார், பாதிச் சம்பளம். ஞாயிறுகளில் பூவம்மா வருகிறாள். துணி மடித்துத் தருவாள். இன்றும் வந்திருந்தாள்.

இன்று மாலை இரண்டு பெண்கள் வாசலில் நின்றார்கள். ஒருத்திக்கு முப்பது வயதிருக்கும், ஜோகூரிலிருந்து வந்ததாகச் சொன்னாள். இன்னொருத்தி தலை குனிந்தபடியே இருந்தாள்.

“முதலியார் பங்களாவுல வேலை பார்த்தவங்கம்மா, நாங்க. கோர்ட்டுல ஒரு அம்மா எல்லாத்தையும் சொன்னாங்கன்னு கேள்விப்பட்டோம். எங்களுக்கும் சொல்ல இருக்கு. இந்த வீடுதானா?”

இவர் எழுந்து நாற்காலியை அவர்கள் பக்கம் நகர்த்திவிட்டுப் பின்கட்டுக்குப் போய்விட்டார். மடித்த துணியைக் கீழே வைத்துவிட்டுப் பூவம்மாதான் அவர்கள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

“உங்க பேரு என்னக்கா?” என்றாள்.