நங்கூரத்தில் சிக்கிய கண்ணிவெடி

அன்பு மகன் ஃபைஸுக்கு, டெக்சாஸ் சுகர் லேண்டிலிருந்து அம்மா. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் அருளால் நானும் உன் அத்தாவும் மருமகள் அஃப்சானாவும் அவள் வயிற்றுப் பிள்ளையும் நலம். நீயும் உன்னோடு கப்பலில் வேலை செய்கிற எல்லோரும் அப்படியே இருக்க துஆ செய்கிறேன். இதைப் போனில் சொன்னால் அழுதுவிடுவேன், அதனால்தான் மெயிலில் எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை நாங்கள் பட்டது உனக்கு முழுதாகத் தெரியாது. பிரஷர் ஏறியதால் அஃப்சானாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம், இன்னும் ஏறினால் உடனே ஆபரேஷன்தான், அவள் மனசு பதறவே கூடாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டுப் போனார். அந்த நேரம் பார்த்து உன் கம்பெனிப் பெண் எனக்குப் போன் செய்தாள். டென்மார்க் கரைக்கு அப்பால் கேபிள் பதிக்கிற உங்கள் கப்பலின் நங்கூரத்தில் பழைய ஜெர்மன் கண்ணிவெடி சிக்கியிருக்கிறது, ஆட்களைப் படகில் இறக்குகிறார்கள், உன்னோடு இன்னும் பேச முடியவில்லை என்றாள். பார்க்கிங்கில் இருந்த அத்தாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் காருக்குள் உட்கார்ந்து போனில் தேடிப் படித்தார். உலக யுத்தத்தில் டென்மார்க்கைப் பிடித்து வைத்திருந்த ஜெர்மன்காரர்களின் கடற்படைத் தலைமை, எதிரிக் கப்பல் எதுவும் கரையை நெருங்கக் கூடாதென்று அந்தக் கடலெல்லாம் வெடி போட்டு வைத்ததாம், அதில் எத்தனையோ இன்னும் அடியில் கிடக்கிறதாம். "ஆர்டர் போட்டவன்லாம் செத்து மண்ணாயிட்டான், எம்புள்ள ஏன்டி அதுல மாட்டணும்" என்று ஸ்டீயரிங்கில் தலையை வைத்துக்கொண்டார். உன் அத்தாவை நான் அப்படிப் பார்த்ததே இல்லை.

நான் முகத்தைக் கழுவிக்கொண்டு மேலே போனேன். சார்ஜ் போடுகிறேன் என்று அஃப்சானாவின் போனை வாங்கி என் பையில் வைத்துக்கொண்டேன். ஆரஞ்சு உரித்துக் கொடுத்தேன், பிள்ளை ரூமுக்கு என்ன கலர் கர்ட்டன் என்று கேட்டேன், அவளும் மஞ்சள் என்றாள், பச்சை என்றாள். கண் மட்டும் பிரஷர் மெஷின் மேலேயே இருந்தது, எனக்கும் அவளுக்கும். கதவைத் திறந்துகொண்டு அத்தா வந்து நின்றார், கண்ணெல்லாம் சிவந்திருந்தது. போயிற்று என்றே நினைத்தேன். அவர் போனை நீட்டினார். "அம்மா, நான் கரைக்கு வந்துட்டேன்" என்றது உன் குரல்.

அதற்கப்புறம்தான் அஃப்சானா என் கையைப் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள். "மாமி, வெடி மாட்டிக்கிச்சு, படகுல இறங்கப்போறோம்னு அவரு முன்னாடியே மெசேஜ் பண்ணிட்டாரு. நீங்க தாங்க மாட்டீங்கன்னுதான் சொல்லல" என்றாள். அவளுக்காக நான் சிரித்தேன், எனக்காக அவள் கர்ட்டன் கலர் சொல்லியிருக்கிறாள்.

நேவிக்காரர்கள் அதை வெடிக்க வைத்த வீடியோவை அனுப்பினாயே, தண்ணீர் எழும்பிய உயரத்தைப் பார்த்துவிட்டு அத்தா சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்துபோனார். வேலையை விட்டுவிட்டு வரச் சொல் என்கிறார். நான் சொல்ல மாட்டேன், நீயும் அவளும் பேசி முடிவு செய்யுங்கள். பிரசவத்துக்கு முன்னால் வந்துவிடு, லீவை இப்போதே கேட்டு வை. குளிரில் தலையை மூடிக்கொள். அல்லாஹ் உன்னைக் கடலிலும் கரையிலும் காப்பானாக. ஒன்று மட்டும் மறக்காதே, இனி எது நடந்தாலும் எங்கள் மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் சொல். தனித்தனியாகப் பயந்துகொண்டு இருக்க எங்களால் முடியாது.

உன் அம்மா
கமருன்னிசா