வெட்டுப்பட்ட முழங்கால்

எட்டாம் அறைக்குப் புதிதாகப் பெயிண்ட் அடிக்கிறார்கள். இன்று காலை படிக்கட்டில் ஏறும்போதே அந்த மணம் மூக்கில் அடித்தது. கண்காட்சி நேற்றோடு முடிந்துவிட்டது. சித்திரங்களைப் பெட்டியில் வைத்துக் கீழே கொண்டுபோய்விட்டார்கள். வெளிச்சம் பட்டால் காகிதம் மங்கும் என்பதால் இனி எத்தனையோ வருடங்களுக்கு அவை வெளியே வரமாட்டா. அதனால்தான் உனக்கு எழுதுகிறேன். எழுதாவிட்டால் யாரையாவது அடித்துவிடுவேன் போலிருக்கிறது.

லண்டனின் இந்த அருங்காட்சியகத்தில் நீயும் நானும் பதினான்கு வருடங்கள் ஒன்றாகக் காவல் நின்றோம். நான் தெற்கே மிட்சம் என்ற இடத்திலிருந்து வருவேன், நீ வடக்கே ரெய்னர்ஸ் லேனிலிருந்து. ஒரே சீருடை, ஒரே கால்வலி. நான் ஆட்களைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்; நீ படங்களைப் பார்ப்பாய். யாழ்ப்பாணத்தில் வீதித் திணைக்களத்தில் படவரைஞராக இருந்தவள் நீ. பாலமும் மதகும் கீறிய கை. அந்தக் கைக்கு இங்கே கிடைத்த வேலை, கண்ணாடியைத் தொட வருபவர்களைத் தடுப்பது.

மூன்று வருடங்களுக்கு முன், ஐந்நூறு வருடம் பழைய இத்தாலியச் சிற்பி ஒருவரின் சித்திரங்களை அந்த அறையில் வைத்தார்கள். ஒரு பணக்காரக் குடும்பம் தன் இறந்தவர்களுக்காகக் கட்டுவித்த சிற்றாலயம். அதற்குள் செதுக்கப்போகும் கல்லறைகளை அவர் முதலில் காகிதத்தில் கீறிப் பார்த்திருந்தார். நடுவிலிருந்த தாளில், கல்லறையின் மேல் ஒரு பெண் சாய்ந்து கிடந்தாள். அவள் முழங்காலோடு தாள் முடிந்துவிடும். மூலையில், ஒருவரும் நின்று பார்க்காத இடத்தில், கெண்டைக்காலும் பாதமும் மட்டும் கொண்ட ஒரு சின்னத் தாள். மாணவர் ஒருவரின் பயிற்சியாக இருக்கலாம் என்று அதன் கீழே குறிப்பு.

ஒருநாள் தேநீர் இடைவேளையில், அந்த இரண்டு தாள்களையும் பார்த்துக் கீறிய உன் கொப்பியை விரித்தாய்.

"இஞ்ச பாரடி. ஆரும் ஒரு கோட்டை முடிக்கேக்க கை லேசாகும், கோடு மெலிஞ்சு நிக்கும். இந்த முழங்கால் கோடு மெலியேல்லை. ஓடுற வேகத்தில வெட்டுப்பட்டிருக்கு."

"அதுக்கு?"

"மிச்சக் கோடு அந்த மூலையில கிடக்கிற தாளில இருக்கு. ரெண்டும் ஒரு தாளடி. ஆரோ பிறகு வெட்டிப்போட்டான்."

அன்று பின்னேரமே நீ அந்தப் பக்கத்தைக் கிழித்துக்கொண்டு, சித்திரங்களுக்குப் பொறுப்பான கியூரேட்டரிடம் போனாய். போட்டோ எடுத்து வைத்துவிட்டுக் கொடு என்று நான் எவ்வளவோ சொன்னேன். "விசர்க்கதை கதையாத. அவர் படிச்ச மனுஷன், களவெடுப்பாரோ?" என்று சிரித்தாய்.

அவர் தாளை வாங்கி மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். மறுவாரம் மேற்பார்வையாளர் உன்னைக் கூப்பிட்டு, காவலாளிகள் ஆய்வாளர்களைத் தொந்தரவு செய்யக்கூடாது என்றார். நீ "ஓம்" என்று தலையாட்டிவிட்டு வந்தாய். கோபமே இல்லை உனக்கு. அந்தக் கோபமின்மைதான் இன்றுவரை என்னை எரிக்கிறது. அடுத்த மாரிக்குளிரில் புற்றுநோய் என்றார்கள். நாலு மாதத்தில் நீ போய்விட்டாய்.

இந்த வருடம் பெரிய கண்காட்சி. திறப்பு நாளில் எட்டாம் அறையில் எனக்கு ஷிப்ட். உள்ளே போனால், இரண்டு தாள்களும் ஒரே சட்டத்துக்குள்! முழங்கால் கெண்டைக்காலோடு சேர்ந்திருந்தது. அந்தப் பெண் முழுசாகப் படுத்திருந்தாள். சந்தோஷத்தில் அழுகை முட்டியது. பிறகு குறிப்பைப் படித்தேன். கண்டுபிடித்தவர் என்று கியூரேட்டரின் பெயர்.

அவர் இருபது விருந்தினர்களோடு வந்தார். "ஒரு மாலை இரண்டையும் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்குச் சட்டென்று பிடிபட்டது" என்றார்.

"உங்களுக்கில்லை. என் சிநேகிதிக்கு" என்றேன். என் ஆங்கிலம் உடைந்தது, குரல் உடையவில்லை. "அவள் தந்த தாள் எங்கே?"

"பலர் பல யோசனைகள் சொல்வார்கள். எல்லாம் நினைவிருப்பதில்லை" என்று அவர் புன்னகைத்தார். மேற்பார்வையாளர் என் முழங்கையைப் பிடித்து வெளியே கூட்டிப்போனார்.

நேரே உன் வீட்டுக்குத்தான் போனேன். உன் மனுஷன் கதிரையிலிருந்து எழும்பவேயில்லை. "விடுங்கோ தங்கச்சி. அவளே இல்லை, இனி என்னத்துக்கு?"

"அவ இல்லாதபடியால்தான் அண்ணை அந்தாளுக்கு இவ்வளவு துணிவு!" என்று கத்திவிட்டேன். அவர் கதிரையை விட்டு எழும்பினார். பிறகு மேலே போய் உன் கொப்பியைக் கொண்டுவந்தார். ஒரு பக்கம் கிழிந்திருந்தது. அதற்கு முந்தின ஆறு பக்கங்களிலும் அதே முழங்கால், அதே பாதம், ஒவ்வொன்றின் மேலும் உன் கையெழுத்தில் தேதி.

அதை அருங்காட்சியகத்தின் தலைமைப் பணிப்பாளர் முன் வைத்தேன். மூன்று வாரம் கூடிக் கதைத்தார்கள். பிறகு குறிப்பின் அடியில், எறும்பு போன்ற எழுத்தில், ஒரு வரி சேர்த்தார்கள்: பணியாளர் ஒருவரின் கவனிப்புக்கு நன்றி. உனக்குப் பெயர் இல்லையா? உன் பெயரைப் போடச் சொன்னேன். ஆதாரம் போதாது என்றார்கள்.

ஆகவே நானே சொன்னேன். அந்தச் சட்டத்தின் முன் நின்ற ஒவ்வொருவருக்கும் உன் முழுப்பெயரைச் சொன்னேன். ஒரு கிழவி பென்சிலை எடுத்து, எழுத்தெழுத்தாகக் கேட்டு எழுதிக்கொண்டு போனாள். எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அதற்குப் பிறகும் சொன்னேன்.

தேவாலயத்தில் ஞாயிறு பூசை முடிய, எல்லாம் கேட்டிருந்த ஃபாதர், "மன்னிச்சு விடுங்கோ பிள்ளை" என்றார்.

"அவர் மன்னிப்புக் கேட்டவரோ, ஃபாதர்?" என்றேன்.

உன்மேலும் கோபம்தான். அந்தத் தாளை அவ்வளவு லேசாகக் கொடுத்தாய். எங்களைவிடப் பெரியவர்கள் என்று யார் யாரையெல்லாம் நம்பினாய்! கொப்பி இப்போது என் கைப்பையில்தான் இருக்கிறது. பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டுதான் வருகிறேன். அடுத்த மாதம் நான் ஓய்வு பெறுகிறேன். அதே மாதம் கியூரேட்டர் அந்த முழங்காலைப் பற்றி ஒரு மண்டபத்தில் உரையாற்றுகிறார். யாரும் வரலாமாம். முன்வரிசையில் எனக்கு ஓர் இடம் எடுத்துவிட்டேன். கடைசி அரை மணி நேரம் கேள்விகளுக்காம்.