சுகம்தான் என்று சொல்லிவிட்டு வந்தேன்

மட்டாஞ்சேரி,
வியாழக்கிழமை.

அன்புள்ள அண்ணனுக்கு, தங்கை வசந்தி எழுதுவது. ஷார்ஜாவில் நீங்களும் அண்ணியும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை போனில் நீங்கள் கேட்டபோது இங்கே எல்லாம் நல்லபடி என்றேன். அது பொய். வாயால் சொன்னால் மறுபடியும் அதையேதான் சொல்வேன். அதனால்தான் எழுதிப் படமெடுத்து அனுப்புகிறேன்.

நீங்கள் முன்பு மூட்டை தூக்கிய அதே கொச்சங்காடி குடோனில், சரக்கு அடுக்கும் மேல்தட்டைத் தாங்கும் நடுவிட்டம் விரிசல் விட்டிருக்கிறது. அதன் கீழேதான் உங்கள் மச்சான் நாளெல்லாம் சுக்கு தரம் பிரிக்கிறார். சாயங்காலம் அவர் துண்டை உதறினால் மரத்தூள் கொட்டுகிறது. போன வாரம் ஒரு சிட்டிகை, நேற்று ஒரு கை நிறைய. சனிக்கிழமை காலை இரண்டு லாரி மிளகு வருகிறது. எல்லாம் மேல்தட்டுக்குத்தான்.

முதலாளியிடம் சொல்லுங்கள் என்று நச்சரித்தேன். திங்கட்கிழமை சொல்லத்தான் போனாராம். நஜ்முதீன் முதலாளி பேப்பரிலிருந்து தலைதூக்கி, எந்தா பாண்டி, என்ன விஷயம் என்று கேட்டாராம். இந்த மனுஷன், சாயா வாங்கி வரட்டுமா முதலாளி என்று கேட்டு, வாங்கியும் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்! எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை.

வீட்டில் மட்டும் மணிமணியாகப் பேசுகிறார். விட்டம் தாங்காது, பாரம் ஏற்றாதீர்கள், ஆள் செத்துப்போவான் என்கிறார். சரி, நான்தான் முதலாளி, என்னிடம் சொல்லுங்கள் என்று நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தேன். சிரித்தார். அப்புறம் தோளில் கிடந்த துண்டு தானாகக் கைக்கு இறங்கியது. ஒன்றுமில்லை முதலாளி என்றார்.

இன்று காலை நானே போனேன். முதலாளி கெட்டவர் இல்லை, உங்களுக்கே தெரியும். சுகமல்லே வசந்தி என்று அன்பாகத்தான் கேட்டார். சுகம்தான் என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டேன். தலைக்கு மேலே அந்த விட்டம் முனகுகிற சத்தம் என் காதிலேயே விழுந்தது, அண்ணா. அப்படியும் வாய் வரவில்லை.

நம் வீட்டில் உங்களுக்கு மட்டும்தான் அந்த வாய் வாய்த்தது. தங்கதுரை முகத்துக்கு நேரே சொல்லுவான் என்று முதலாளி இன்றைக்கும் சொல்கிறாராம். நாளைக்குள் அவரைக் கூப்பிடுங்கள். உங்களையும் முதலில் சுகமா என்றுதான் கேட்பார். அதற்கு மட்டும் பதில் சொல்லாதீர்கள். எடுத்த எடுப்பில் விட்டம் என்று சொல்லுங்கள்.

மணி ஆறரை. மற்ற நாளென்றால் இந்நேரம் உங்கள் மச்சான் தூக்குவாளியோடு வந்திருப்பார். இன்னும் காணவில்லை. கடவுள் உங்கள் வாய்க்குத் துணை இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை
வசந்தி